கல்லீரல் பரிசோதனையில் எண் கூடியிருந்தால்

முழு உடல் பரிசோதனையின் முடிவுத்தாளில் எஸ்.ஜி.பி.டி. என்ற வரி மட்டும் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும். அதைக் கையில் ஏந்தி எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருவோர் பலரும் முதலில் கேட்பது, "கல்லீரல் கெட்டுவிட்டதா?" என்பதே. இரண்டாவது கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. உடன் வந்தவர் நோயாளியைப் பார்க்கும் பார்வையிலேயே அது இருக்கும்: இவர் நமக்குத் தெரியாமல் குடிக்கிறாரோ?

இரண்டுக்கும் அந்த எண்ணில் விடை இல்லை. எஸ்.ஜி.பி.டி. என்பது பெரும்பாலும் கல்லீரல் உயிரணுக்களுக்குள் இருக்கும் ஒரு நொதி. அவ்வணுக்கள் காயப்படும்போது அது இரத்தத்தில் கசிகிறது. கசிவு இருக்கிறது என்று சொல்லும் எண், அதன் காரணத்தைச் சொல்வதில்லை. கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அறிய பிலிருபின், அல்புமின், இரத்தம் உறையும் நேரம் ஆகியவற்றைப் பார்க்கிறோம். முற்றிய சிரோசிஸ் நோயிலும் எஸ்.ஜி.பி.டி. இயல்பாக இருப்பதுண்டு, ஹெபடைடிஸ் ஏ காமாலையில் அது ஆயிரத்தைத் தாண்டி, பின்னர் முழுமையாகக் குணமாவதும் உண்டு.

ஒரு துளி மது அருந்தாதவருக்கும் இது உயரும். சர்க்கரை நோய், உடற்பருமன் ஆகியவற்றோடு வரும் கொழுப்புக் கல்லீரல் மிகப் பரவலான காரணம். ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் அறிகுறி ஏதும் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கக்கூடியவை. ஓர் எளிய இரத்தப் பரிசோதனையில் அவை தெரிந்துவிடும்.

எங்களுக்கு மிகுந்த கவலை தருவது வேறொன்று. எண்ணைக் கண்டதும் பலர் காரணம் அறியும் முன்பே தாமாக மருந்து தொடங்கிவிடுகிறார்கள். நம் ஊரில் அது பெரும்பாலும் கீழாநெல்லி. அதை நாங்கள் ஏளனம் செய்யவில்லை. சென்னை ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளும்பர்க்குடன் இணைந்து, கீழாநெல்லி அக்கிருமியை அகற்றுவதாகக் கண்டதை 1988இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். ஆனால் பின்னர் பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அப்பலன் உறுதிப்படவில்லை. மூலிகை என்பதாலேயே தீங்கற்றது என்றும் கொள்ள இயலாது: கொரோனாக் காலத்தில் சீந்தில் கொடியை உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி உண்டானதை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆங்கில மருந்துகளும் விலக்கல்ல. அளவு மீறிய பாரசிட்டமால் கல்லீரலைச் செயலிழக்கச் செய்யும். காசநோய் மாத்திரைகளில் சில கல்லீரலைப் பாதிக்கக்கூடும்; அவற்றை உட்கொள்பவருக்கு வாந்தி, பசியின்மை, கண்ணில் மஞ்சள் தோன்றினால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன் மருத்துவரைக் காண வேண்டும். எண் சற்றே கூடியது என்பதற்காக மட்டும் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. காசநோய் திரும்பி வரும்.

கண் மஞ்சளோடு மனக்குழப்பம், அளவற்ற உறக்கம், இரத்த வாந்தி, கரிய மலம் ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் முன்பதிவுக்குக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். மற்றவர்கள் அச்சமின்றி முன்பதிவு செய்து வரலாம். வரும்போது பழைய முடிவுத்தாள்களுடன், கடந்த ஆறு மாதங்களில் உட்கொண்ட மாத்திரை அட்டை, சூரணப் பொட்டலம், லேகியப் புட்டி, உடற்பயிற்சிக் கூடத்தில் வாங்கிய பொடி என அனைத்தையும் ஒரு பையில் இட்டு எடுத்து வாருங்கள். மது அருந்துபவர் அளவைக் குறைக்காமல் சொல்லுங்கள். குடும்பத்தார் முன் சொல்லத் தயங்கினால், மருத்துவரைத் தனியே காண விரும்புவதாகச் செவிலியரிடம் தெரிவித்தால் போதும்.