கதவில் ஒட்டிய கணக்கு



"தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் விடுவானா?" என்று ஊரில் சொல்வார்கள். அரசாங்கக் காசு கைமாறினால் கொஞ்சம் குறையத்தான் செய்யும், கேட்டுப் பயனில்லை என்பது அதன் பொருள். ஆனால் புறங்கையை நக்குவது வேறு, குடத்தையே கவிழ்த்துக் குடிப்பது வேறு. கிழக்கு ஆபிரிக்காவில் உள்ள உகண்டாவில் நடந்தது இரண்டாவது வகை. அதை அந்த நாடு எப்படிக் கண்டுபிடித்தது, எப்படித் திருத்தப் பார்த்தது என்பதை நாமும் அறிந்திருப்பது நல்லது. நோர்வேயில் எங்கள் சம்பளத்தில் பிடிக்கும் வரியில் ஒரு சிறு பங்கும் இப்படியான நாடுகளுக்கு உதவியாகப் போகிறது.

உகண்டா என்றதும் 1972இல் ஆசியர்களை நாட்டை விட்டுத் துரத்திய இடி அமீன்தான் எங்கள் பெரியவர்களுக்கு ஞாபகம் வரும். அவர் போன பிறகும் அங்கே போர் ஓயவில்லை. 1986இல் முசேவெனி ஆட்சியைப் பிடித்தபோது அரசாங்க நிர்வாகம் சிதைந்து கிடந்தது. வெளிநாடுகளின் உதவியோடு சீர்திருத்தம் தொடங்கியது. 1990இல் 3 இலட்சத்து 20 ஆயிரம் என்றிருந்த அரச ஊழியர் தொகை சில ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. வெட்டப்பட்ட பெயர்களில் ஆளே இல்லாமல் சம்பளம் மட்டும் போய்க்கொண்டிருந்த பெயர்களும் இருந்தன.

நூறில் பதின்மூன்று

ஆரம்பப் பாடசாலைகளுக்கு ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு அரசாங்கம் காசு ஒதுக்கியது. புத்தகம், சோக் போன்ற செலவுகளுக்கான காசு அது. தலைநகரில் இருந்து மாவட்ட நிர்வாகத்துக்கு, அதாவது எங்கள் ஊர்க் கச்சேரி போன்ற இடத்துக்குப் போய், அங்கிருந்து பாடசாலைக்குச் சேர வேண்டும். காசு ஆண்டுதோறும் போனது. பாடசாலைகளோ மாறவில்லை.

நான் வேலை செய்யும் மீன் தொழிற்சாலையில் மீன் உள்ளே வரும்போது ஒரு தராசு, பெட்டியில் அடைத்து வெளியே போகும்போது ஒரு தராசு. எடை பொருந்தாவிட்டால் எந்த மேசையில் குறைந்தது என்று தேடுவார்கள். 1996இல் உகண்டாவிலும் அதைத்தான் செய்தார்கள். உலக வங்கியைச் சேர்ந்த ரித்வா ரெய்னிக்கா என்ற பொருளியலாளரின் தலைமையில் 18 மாவட்டங்களில் 250 பாடசாலைகளுக்குப் போய், அங்கிருந்த கணக்குப் புத்தகங்களை அரசாங்கத்தின் கணக்கோடு ஒப்பிட்டார்கள்.

1991 முதல் 1995 வரை நூறு சிலிங் அனுப்பப்பட்டால் சராசரியாகப் பாடசாலைக்குச் சேர்ந்தது 13 சிலிங்தான். பெரும்பாலான பாடசாலைகளுக்கு ஒன்றுமே சேரவில்லை. மிகுதிப் பணம் மாவட்டத்திலேயே நின்றது. எல்லாமே ஒருவரின் சட்டைப் பைக்குள் போனது என்று சொல்ல முடியாது. வேறு செலவுகளுக்கும் அரசியல் வேலைகளுக்கும் திருப்பப்பட்டது. அந்தக் காலத்தில் பாடசாலைச் செலவில் பாதிக்கு மேல் கொடுத்தவர்கள் பெற்றோர்தான். வசதியான பெற்றோர் உள்ள பாடசாலைகள் கேட்டு வாங்கிக்கொண்டன. ஏழைப் பாடசாலைகளுக்குத் தமக்கு ஒரு தொகை ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதே தெரியாது. தெரியாத காசை யார் போய்க் கேட்பது?

கடதாசியும் பசையும்

அதன் பிறகு அரசாங்கம், ஒவ்வொரு மாதமும் எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பப்பட்டது என்று 'நியூ விஷன்' பத்திரிகையிலும் அதன் உள்ளூர் மொழிப் பதிப்புகளிலும் வெளியிட்டது. பாடசாலைக்கு வந்த தொகையைப் பாடசாலையிலேயே எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும் என்றும் கட்டளையிட்டது. 2001ஆம் ஆண்டின் கணக்கை மறுபடியும் எண்ணிப் பார்த்தபோது நூறில் 80க்கு மேல் பாடசாலைக்குச் சேர்ந்திருந்தது. பத்திரிகை விற்கும் இடத்துக்குக் கிட்ட இருந்த பாடசாலைகளில் முன்னேற்றம் அதிகம் என்று ரெய்னிக்காவும் யாக்கோப் ஸ்வென்சன் என்பவரும் எழுதினார்கள்.

இந்தக் காலத்தில்தான், 1997இல், ஆரம்பக் கல்வி இலவசமாக்கப்பட்டது. சுமார் 30 இலட்சமாக இருந்த மாணவர் தொகை ஒரே ஆண்டில் 50 இலட்சத்தைத் தாண்டியது. அந்த நேரத்தில் பழையபடி 13 சிலிங்தான் சேர்ந்திருந்தால் அந்தப் பிள்ளைகளின் கதி என்ன?

ஒட்டினால் மட்டும் போதுமா?

போதாது. வேறு சீர்திருத்தங்களும் மேலதிகாரிகளின் கண்காணிப்பும் அதே காலத்தில் நடந்தன, பத்திரிகைக்கு மட்டும் முழுப் பெருமையையும் கொடுக்க முடியாது என்று பின்னர் வேறு ஆய்வாளர்கள் எழுதினார்கள். காசு வந்தாலும் ஆசிரியர் வர வேண்டுமே. 2000களில் முன்னறிவித்தல் இல்லாமல் போய்ப் பார்த்தபோது நூறு ஆசிரியர்களில் 27 பேர் பாடசாலையில் இல்லை.

2012இல் இன்னொரு பெரிய அடி விழுந்தது. நீண்ட போரால் வீடிழந்த வட உகண்டா மக்களுக்கென்று நோர்வே, அயர்லாந்து, டென்மார்க், சுவீடன் கொடுத்த பணத்தில் சுமார் 1 கோடி 20 இலட்சம் யூரோ பிரதமர் அலுவலகத்தில் முறைகேடு செய்யப்பட்டது. இடம்பெயர்ந்து வாழ்வது என்னவென்று தெரிந்த எங்களுக்கு அந்தச் செய்தி சும்மா செய்தியல்ல. அதை வெளியே கொண்டுவந்தவர் உகண்டாவின் சொந்தக் கணக்காய்வாளர் நாயகம்தான். உதவி நாடுகள் பணத்தை நிறுத்தின. அயர்லாந்தின் 40 இலட்சம் யூரோவை உகண்டா 2013இல் திருப்பிக் கொடுத்தது.

ஆகவே களவு ஒரேயடியாக ஒழிந்துவிடவில்லை. ஆனால் எண்ணுகிறவர், எழுதி ஒட்டுகிறவர், அதை வாசித்துக் கேட்கிறவர் என்று மூவரும் இருக்கும் இடத்தில் களவு செய்வது கடினம். முதல் இருவரை அரசாங்கமும் உதவி நாடுகளும் ஏற்படுத்தலாம். மூன்றாவது ஆளைச் சம்பளத்துக்கு வைக்க முடியாது. அது பெற்றோர்தான்.

புதிதாக வந்திருக்கும் குடும்பங்கள் இதை மனதில் வைத்திருங்கள். ஊரில் அலுவலகப் படியேறக் கூசிய பழக்கம் எங்களில் பலருக்கு இன்னும் போகவில்லை. இங்கே கொம்யூனுக்கு வரும் கடிதங்கள், அங்கிருந்து போகும் கடிதங்கள் ஆகியவற்றின் பட்டியலை யாரும் பார்க்கலாம், பத்திரங்களைக் கேட்கலாம். அது சட்டம். ஒவ்வொரு பாடசாலையிலும் பெற்றோர் குழு உண்டு. மொழி குறைவென்று ஒதுங்காமல் போய் இருங்கள். அதேபோல எங்கள் சங்கமும் கோயிலும் ஆண்டுக் கணக்கைச் சுவரில் ஒட்டட்டும். ஒட்டியதை நாம் நின்று வாசிப்போம்.