இடம் மாறும் சிவப்புப் புள்ளி

தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்குப் பேருந்தில் போகும்போது, திருவெறும்பூருக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் நவல்பட்டு இருக்கிறது. 1966-இல் அங்கே தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலையை டெல்டாவில் அறியாதவர் குறைவு. இன்சாஸ் துப்பாக்கிகள் அங்கே தயாராயின; திருச்சி அசால்ட் ரைபிள் என்று ஊர்ப்பெயரோடே ஒரு துப்பாக்கி வந்ததும் அங்கிருந்துதான். இன்று அத்தகைய துப்பாக்கிகளின் மேல் பொருத்தப்படும் சின்னக் கண்ணாடிப் பெட்டிதான் இந்தக் கட்டுரையின் பொருள். மின்னணு சைட், அல்லது ரெட் டாட். கண்ணாடி வழியே பார்த்தால் இலக்கின் மேல் சிவப்புப் புள்ளி ஒன்று தெரியும். புள்ளி எங்கே நிற்கிறதோ அங்கே குண்டு போக வேண்டும்.

அந்தப் புள்ளி இலக்கின் மேல் விழும் ஒளி அல்ல. பெட்டிக்குள் ஒரு சிறு எல்.இ.டி. இருக்கிறது. சிவப்பை மட்டும் திருப்பி அனுப்பும் பூச்சு கொண்ட வளைந்த கண்ணாடியில் பட்டு, அதன் ஒளி இணைகதிர்களாகக் கண்ணுக்கு வருகிறது. அதனால் புள்ளி வெகுதூரத்தில் நிற்பதாகத் தோன்றும். தலை சற்று அசைந்தாலும் குறி பெரிதாகத் தவறாது. இந்தக் கருத்தை டப்ளினைச் சேர்ந்த ஹோவர்ட் கிரப் 1900-இலேயே சொல்லிவிட்டார். எல்.இ.டி. வந்த பிறகு, 1975-இல் சுவீடனின் எய்ம்பாயின்ட் நிறுவனம் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது.

இனி கணக்குக்கு வருவோம். எல்.இ.டி.க்கும் கண்ணாடிக்கும் இடையே 30 மில்லிமீட்டர் என்று வையுங்கள். எல்.இ.டி. பக்கவாட்டில் 9 மைக்ரான் நகர்ந்தால், அதாவது தலைமுடித் தடிமனில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு நகர்ந்தால், புள்ளி ஒரு கோண நிமிடம் விலகும். 100 மீட்டரில் அது 2.9 சென்டிமீட்டர், 300 மீட்டரில் 9 சென்டிமீட்டரைத் தொடும். நான்கு நிமிடம் விலகினால் 300 மீட்டரில் 35 சென்டிமீட்டர். மார்பைக் குறிவைத்தவன் ஆளையே தவறவிடுவான்.

ஒன்பது மைக்ரான் நகர்த்தப் பெரிய அடி எதுவும் வேண்டாம், வெப்பநிலை மாறினாலே போதும். அலுமினியம் ஒரு அளவில் விரியும், கண்ணாடி அதில் பாதிகூட விரியாது, பிளாஸ்டிக்கும் பசையும் பல மடங்கு விரியும். இவை எல்லாம் ஒரே பெட்டிக்குள் ஒட்டப்பட்டிருக்கின்றன. சித்திரை வெயிலில் கறுப்புப் பெட்டி காற்றைவிடப் பல டிகிரி கூடுதலாகச் சுடும். அந்த வெயிலில் வளர்ந்த டெல்டாப் பையன் ஒருவன் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்து, வெலிங்டனில் பயிற்சி முடித்துச் சியாச்சினுக்குப் போகலாம். அங்கே மைனஸ் 50 டிகிரி வரை இறங்கும். 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி பனிச்சரிவில் பத்து வீரர்கள் சிக்கி உயிரிழந்த, அங்குள்ள சோனம் காவல் நிலை 19,600 அடி உயரத்தில் இருக்கிறது. அவர்கள் அதே மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-ஆவது பட்டாலியனைச் சேர்ந்தவர்கள். அந்த உயரத்தில் ஒரு கருவியை நம்பி நிற்பதென்றால் என்ன என்பதை இந்தக் கட்டுரையை எழுதும்போது மறக்க முடியவில்லை.

குளிரில் முதலில் தளர்வது பேட்டரி. சாதாரண அல்கலைன் பேட்டரியில் நீர்சார்ந்த கரைசல் இருப்பதால் கடுங்குளிரில் அதன் திறன் சரிந்துவிடும். லித்தியம் பேட்டரி மைனஸ் 40 வரை தாக்குப்பிடிக்கும். ஆனாலும் பேட்டரி செத்தால் வீரனுக்கு உடனே தெரிந்துவிடும், புள்ளி அணைந்திருக்கும். பளிச்சென்று எரிந்துகொண்டே வேறு இடத்தைக் காட்டும் புள்ளிதான் உயிருக்கு உலை வைக்கும்.

அமெரிக்காவில் இது வழக்காகவே போனது. ஈஓடெக் நிறுவனத்தின் ஹோலோகிராபிக் சைட்டுகள் (இவையும் கண்ணாடி வழியே குறி காட்டுபவைதான்) மைனஸ் 40 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலும் ஈரப்பதத்திலும் சரியாக இயங்கும் என்று விற்கப்பட்டன. குளிரிலும் ஈரத்திலும் குறி விலகுவது நிறுவனத்துக்குத் தெரிந்தும் பல ஆண்டுகள் வெளியே சொல்லவில்லை என்பது அரசின் குற்றச்சாட்டு. 2015 நவம்பரில் தாய் நிறுவனமான எல்-3 கம்யூனிகேஷன்ஸ் 2.56 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. போர்முனைக்குப் போகும் பொருளில் குறையை மறைப்பதை வெறும் வியாபாரத் தவறாக என்னால் எண்ண முடியவில்லை.

குளிரை விடுங்கள், நம் ஊர் ஈரமே போதும். ஐப்பசி அடைமழையில் காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறக்குறைய 27 டிகிரி. ஏ.சி. அறையில் 24 டிகிரியில் இருந்த சைட்டை வெளியே எடுத்த கணமே கண்ணாடி பூத்துவிடும். வெளிப்புறம் பூத்தால் துடைக்கலாம், உட்புறம் பூத்தால் வழியில்லை. அதனால்தான் குதிரின் வாயைக் களிமண் பூசி அடைப்பதுபோல் ரப்பர் வளையங்களால் இறுக்கி, உள்ளே உலர்ந்த நைட்ரஜனை நிரப்புகிறார்கள். அடைப்பு தளர்ந்தால் ஈரத்தோடு பூஞ்சையும் வரும். டெல்டாவில் கேமரா வைத்திருப்பவர்கள் லென்சில் படரும் அந்த வெள்ளை நூல்களைப் பார்த்திருப்பார்கள்.

திறந்த அமைப்புள்ள சைட்டில் இன்னொரு தொல்லை. எல்.இ.டி.யின் வாய் வெளியே தெரியும். அதன்மேல் ஒரே ஒரு மழைத்துளி உட்கார்ந்தால் அதுவே ஒரு லென்சாகிவிடும். புள்ளி கலைந்து சிவப்புத் திட்டாகப் பரவும். நடவு வயல் சேறு தெறித்தால் ஒளியே வராது. முன்னும் பின்னும் கண்ணாடி போட்டு மூடிய அமைப்பில் துளி வெளிக்கண்ணாடியோடு நின்றுவிடும். எடை சற்றுக் கூடும். நம் மழைக்கு நான் மூடியதையே சொல்வேன்.

நம் முப்படைகளின் மின்னணுக் கருவிகளுக்கு ஜே.எஸ்.எஸ். 55555 என்ற சோதனை விதித்தொகுப்பு உண்டு. உயர்வெப்பம், தாழ்வெப்பம், ஈரவெப்பம், பூஞ்சை, உப்பு அரிப்பு, தூசி, மழை, அதிர்வு எல்லாம் அதில் அடக்கம். சைட்டைப் பொறுத்தவரை, சோதனைக்குப் பின் விளக்கு எரிகிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. குளிரில் இருக்கும்போதே புள்ளி எங்கே நிற்கிறது, பழைய வெப்பநிலைக்குத் திரும்பியதும் பழைய இடத்துக்கே வருகிறதா என்றும் அளக்க வேண்டும். பசை ஒருமுறை நெகிழ்ந்துவிட்டால் புள்ளி திரும்பி வருவதில்லை.

களத்தில் வீரனிடம் அந்த அளவுகோல் இருக்காது. அவனுக்குத் துணை துப்பாக்கியோடு வரும் பழைய இரும்பு சைட்தான். சுடுதளத்தில் ஜீரோ செய்யும்போது, அதாவது குண்டு படும் இடத்தோடு குறியைப் பொருத்தும்போது, இரண்டையும் ஒரே இடத்துக்குச் சரிசெய்து வைத்தால், கண்ணாடி வழியே பார்க்கையில் புள்ளி இரும்பு முனையின் நுனியில் உட்காரும். இடம் மாறியதும், உயரம் ஏறியதும் ஒருதரம் அப்படிப் பார்க்க வேண்டும். புள்ளி நுனியை விட்டு விலகியிருந்தால் மறுபடி சுட்டு ஜீரோ செய்யும்வரை இரும்பைக் கொண்டே குறிபார்க்கலாம்.