நூறு டாலர் டிக்கெட், எட்டரை மணி நேரம்

1981 அக்டோபர் 4 அன்று நியூயார்க்கின் பிளைமவுத் அரங்கில் ‘நிக்கோலஸ் நிக்கிள்பி’ நாடகம் தொடங்கியபோது ஒரு டிக்கெட்டின் விலை 100 டாலர். நாடகத்தின் நீளம், இரு பாகங்களும் சேர்த்து, எட்டரை மணி நேரம். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 11.76 டாலர். அதே வீதத்தில் இரண்டரை மணி நேர நாடகம் ஒன்றுக்கு 29.40 டாலர்தான் ஆகும். இன்றும் இந்த நாடகத்தைப் பற்றிப் பேசுவோர் 100 என்ற எண்ணைத்தான் முதலில் சொல்கிறார்கள்; வகுத்தல் விடுபட்டுவிடுகிறது.

இதேபோல் தவறாகப் படிக்கப்படும் இன்னொரு எண் 49. 1982 ஜனவரி 3 வரையிலான 13 வாரங்களில் நாடகம் நடந்தது 49 முறை. பிராட்வேயின் வழக்கப்படி வாரத்துக்கு 8 காட்சி என்றால் 104 வர வேண்டும்; அதில் பாதிகூட இல்லையே என்று தோன்றும். ஆனால் இரு பாகங்களும் சேர்ந்ததே இங்கே ஒரு காட்சி. 49 காட்சிகளுக்கு மேடை நேரம் 416.5 மணி, வாரத்துக்கு ஏறத்தாழ 32 மணி. இரண்டரை மணி நேர நாடகத்தை வாரம் 8 முறை நடத்தும் குழுவுக்கு ஆவது 20 மணி. நிக்கிள்பி குழுவின் வார உழைப்பு அதைவிட 60 சதவீதம் கூடுதல். அந்தச் சுமையில் பெரும்பங்கைத் தாங்கியவர் நிக்கோலஸாக நடித்த வேல்ஸ் நடிகர் ரோஜர் ரீஸ்.

ரீஸ் பிறந்தது 1944 மே 5, வேல்ஸின் மேற்குக் கடலோர ஊரான அபரிஸ்ட்வித்தில். தந்தை காவல்துறையில் இருந்தார். வளர்ந்தது தெற்கு லண்டனில், படித்தது ஓவியம். விம்பிள்டன் அரங்கில் காட்சித் திரைகளுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தவரை ஒரு வேடத்துக்கு ஆள் குறைந்தபோது மேடையேற்றினார்கள். 1960களின் இறுதியில் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் சேர்ந்தார். 1980 ஜூனில் லண்டனின் ஆல்ட்விச் அரங்கில் நிக்கோலஸ் ஆனபோது அவருக்கு வயது 36. மூலமான டிக்கன்ஸ் நாவலின் நிக்கோலஸுக்கு 19. இடையே 17 ஆண்டு. இந்த இடைவெளி நாடகத்துக்குக் குறையாகவில்லை என்பதே என் கருத்து: மேடையில் பத்தாண்டுக்கு மேல் தேறிய ஒருவரால்தான் எட்டரை மணி நேரமும் இளமையைத் தளராமல் காட்ட முடியும்.

நாடகம் இவ்வளவு பெரிதானதற்குக் காரணம் பணப் பற்றாக்குறை. நிதி நெருக்கடியில் இருந்த கம்பெனி, பல புதிய நாடகங்களுக்குப் பதில் மொத்தக் குழுவையும் ஒரே நாடகத்தில் இறக்கியது. டேவிட் எட்கர் எழுதினார். ட்ரெவர் நன்னும் ஜான் கெர்டும் இயக்கினார்கள். மூலநாவல் 1838 ஏப்ரல் முதல் 1839 அக்டோபர் வரை 19 மாத இதழ்களாக வந்தது. இதழ் ஒன்று ஒரு ஷில்லிங். இரட்டை இதழான கடைசி மட்டும் இரண்டு. ஆக முழுநாவல் 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு. அதன் 65 அத்தியாயங்களை 510 நிமிடங்களில் அடக்கினால் அத்தியாயத்துக்கு 7.8 நிமிடம். குழுவில் சுமார் 40 பேர். பாத்திரங்கள் 120-க்கு மேல். சராசரியாக ஆளுக்கு மூன்று வேடம். குதிரை வண்டி வேண்டுமா? மேசையையும் பயணக் கூடைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, அதன்மேல் நடிகர்கள் நெருக்கி உட்கார்ந்து குலுங்கினால் அதுவே வண்டி. கதையையும் அவர்களே முறைவைத்துப் பார்வையாளரிடம் சொன்னார்கள்.

1982-இல் இந்த நாடகத்துக்கு 4 டோனி விருதுகள் கிடைத்தன. சிறந்த நடிகர் ரீஸ். அதே ஆண்டு நவம்பரில் புதிதாகத் தொடங்கிய சானல் 4 தொலைக்காட்சி இதைப் படமாக்கி, 2 மணி நேரப் பகுதிகள் மூன்று, 3 மணி நேரப் பகுதி ஒன்று என 9 மணி நேரம் ஒளிபரப்பியது. அமெரிக்காவில் அது சிறந்த குறுந்தொடருக்கான எம்மி விருதை வென்றது.

தொலைக்காட்சித் தொடர்களில் ரீஸின் எண்கள் சிறியவை. ‘சியர்ஸ்’ தொடரின் 275 அத்தியாயங்களில் கோடீஸ்வரன் ராபின் கோல்கார்டாக அவர் வருவது 17-இல், 6.2 சதவீதம். ‘தி வெஸ்ட் விங்’ தொடரின் 150-க்கும் மேற்பட்ட அத்தியாயங்களில் மார்பரி பிரபுவாக 5-இல். சுமார் 3 சதவீதம். இரண்டும் சேர்த்து 22 அத்தியாயம். அமெரிக்க வீடுகளில் பலருக்கு அவரைத் தெரிந்தது இந்த 22-ஆல்தான் என்று கொள்ள இடமுண்டு.

டோனிக்கு அவர் மூன்று முறை பரிந்துரைக்கப்பட்டார்: 1982, 1995, 2012. முதல் இரண்டு நடிப்புக்கு, மூன்றாவது இயக்கத்துக்கு. அலெக்ஸ் டிம்பர்ஸுடன் சேர்ந்து இயக்கிய ‘பீட்டர் அண்ட் தி ஸ்டார்கேட்சர்’ நாடகத்தின் 9 பரிந்துரைகளில் 5 விருதாயின. அதை எழுதிய ரிக் எலிஸ், 2011-இல் ரீஸ் மணந்துகொண்ட நீண்டகாலத் துணைவர். அந்த நாடகத்தில் நடிகர்கள் 12 பேர். பாத்திரங்கள் 100-க்கு மேல். சராசரியாக ஆளுக்கு எட்டு வேடம். நிக்கிள்பியில் மூன்றாக இருந்த விகிதம் இங்கே இரண்டரை மடங்குக்கும் மேல். கயிறும் ஏணியும் கப்பலாயின. கதையை நடிகர்களே சொன்னார்கள். 1980-இல் பணமில்லாமையால் பிறந்த முறையை, அதில் நடித்தவரே 32 ஆண்டு கழித்து இயக்குநராக இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

அவருடைய கடைசி நாடகம் ‘தி விசிட்’, 2015 ஏப்ரல் 23-இல் தொடங்கியது. நோயுற்றிருந்த ரீஸ் மே இறுதிக்குள் விலகினார். ஜூலை 10 அன்று, 71 வயதில் காலமானார்.