தொழிலுக்கு இணையத்தளம்: உங்களுக்கு எது போதும்?

பிரித்தானியாவில் தையல், பலகாரம், ரியூசன் என்று சிறுதொழில் தொடங்குபவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது: "வெப்சைற் ஒண்டு செய்யவேணும், எது நல்லது?" காசைக் கொடுக்கமுன் இதை ஒருக்கா வாசியுங்கோ.

இணையத்தளங்களில் இரண்டு வகை உண்டு.

ஸ்ரற்றிக் தளம்: காலையிலேயே சுற்றி வைத்த சோற்றுப் பார்சல் மாதிரி. பக்கத்தை முதலே எழுதி சேவரில் வைத்திருப்பார்கள். யார் கேட்டாலும் அதே பக்கம்தான் போகும். விரைவாகத் திறக்கும், பராமரிப்பும் செலவும் குறைவு. ஆனால் விலையை மாற்றுவதென்றால் அந்தப் பக்கத்தையே திருத்தவேண்டும்.

டைனமிக் தளம்: கேட்டபிறகு கொத்தித் தருகிற கொத்துரொட்டி மாதிரி. ஆள் வந்து பார்க்கும்போதுதான் ஒரு புரோகிராம் தரவுத்தளத்திலிருந்து விலை, படம், இருப்பு எல்லாம் எடுத்துப் பக்கத்தை உருவாக்குகிறது. வேர்ட்பிரஸ் பொதுவாக இந்த வகை. பாஸ்வேட் போட்டு உள்ளே போய் நீங்களே விலையை மாற்றலாம். ஆனால் மென்பொருளை ஒழுங்காகப் புதுப்பிக்கவேண்டும். கவனிக்காமல் விட்டால் ஹக் பண்ணுகிறவர்களுக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி.

எதைத் தெரிவு செய்வது? மூன்று கேள்விகள் கேளுங்கோ.

1. விபரங்கள் எத்தனை தரம் மாறும்? மாதத்தில் ஒருக்கா என்றால் ஸ்ரற்றிக் போதும். நாளாந்தம் இருப்பு மாறுகிற கடைக்கு டைனமிக் தேவை.

2. யார் மாற்றுவது? ஒவ்வொரு திருத்தத்துக்கும் இன்னொருவருக்குக் காசு கொடுப்பதென்றால் "மலிவு" மலிவாக இருக்காது.

3. தளத்திலேயே ஓடர் எடுக்கவேணுமா? நாலைந்து பொருட்கள்தான் என்றால் ஸ்ரற்றிக் பக்கத்திலும் பேபால் பட்டன் வைக்கலாம். அதிகம் என்றால் டைனமிக். எந்த வகையானாலும் வாடிக்கையாளரின் பெயர், விலாசத்தைப் பாதுகாப்பது சட்டப்படி உங்கள் பொறுப்பு.

காசு கொடுக்கமுன் கவனிக்கவேண்டியவை:

டொமைன் பெயர் உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில் பதியப்படவேண்டும். செய்துதருபவர் தன் பெயரில் பதிந்தால், நாளைக்கு மனஸ்தாபம் வந்தால் கடைப்பெயரே உங்கள் கையில் இல்லை. தெரிந்த ஆள் என்றாலும் வருடாந்தச் செலவை எழுத்தில் வாங்குங்கோ.

2002ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி தளத்தில் உங்கள் பெயர், விலாசம், ஈமெயில் இருக்கவேண்டும். வீட்டு விலாசம் போடப் பயமென்றால் முதலில் எங்களுடன் கதையுங்கோ.

மிக முக்கியம்: அகதி அந்தஸ்துக் கிடைத்தவர்கள் சொந்தத் தொழில் செய்யலாம். புகலிடக் கோரிக்கைக்கு இன்னும் முடிவு வராதவர்களுக்குப் பொதுவாக அந்த அனுமதி இல்லை. உள்துறை அமைச்சு அவர்களுக்கு வேலை அனுமதி கொடுத்திருந்தாலும் அதில் சுயதொழில் அடங்காது. தளத்தில் விலை போட்டு ஓடர் எடுப்பதும் தொழில்தான். "சும்மா ஒரு வெப்சைற்தானே" என்று தொடங்கி உங்கள் வழக்கைச் சிக்கலாக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் கடிதங்களுடன் முதலில் உங்கள் சட்டத்தரணியிடம் அல்லது எங்களிடம் வாருங்கோ. வெப்சைற்றைப் பிறகும் செய்யலாம்.