பிற்பாட்டு தரும் துணிவு

மன்னார் நாட்டுக்கூத்தில் எவரும் தனியாகப் பாடுவதில்லை. அரசனாக வந்தவன் தன் தருவின், அதாவது தன் பாட்டின், ஓரடியைப் பாடி முடித்ததும், பின்னால் நிற்கும் பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடுவார்கள். அதற்குள் அவன் மூச்சு விட்டுக்கொள்ளலாம், அடுத்த அடியை நினைத்துக்கொள்ளலாம். சுருதி விலகிப்போனால் பிற்பாட்டு அவனைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிடும். கூச்சமுள்ள பிள்ளையைச் சபையில் நிறுத்த இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் அறியேன்.

இளையோரின் தன்னம்பிக்கைக்குக் கலை உதவும் என்று பேசும்போது மேடையேறும் இரவைத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையான வேலை அதற்கு முந்திய மாதங்களில் நடக்கிறது. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் குரலையும் உடல்வாகையும் பார்த்து ஆளைத் தெரிவுசெய்வார். ஏட்டில் உள்ள பாட்டுகள் பாத்திரம் பாத்திரமாகக் கொப்பியில் இறங்கும். பகலில் கடலுக்குப் போனவரும் பள்ளிக்குப் போனவரும் இரவில் கூடுவார்கள். அண்ணாவியார் ஓரடி பாடுவார், பிள்ளை திருப்பிப் பாடும்; பிழைத்தால் மறுபடியும் அதே அடி. பாத்திரம் அரங்குக்கு வரும்போது பாடும் ஒரு வரவுப் பாட்டு தொண்டைக்குப் பழகவே பல இரவுகள் போகும். அரங்கேறிய பிறகு ஊர் அவனைப் பாத்திரத்தின் பெயரால் கூப்பிடத் தொடங்கும். சில பெயர்கள் வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொள்ளும்.

மன்னாரின் கத்தோலிக்கக் கூத்தில் ஆட்டத்தைவிடப் பாட்டுக்கே முதலிடம். விரிவாகப் பாடப்படும் நாடகம், அதைச் சுருக்கி ஓர் இரவுக்குள் முடிக்கும் வாசகப்பா என இரண்டு வகை உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘என்றீக் எம்பரதோர் நாடகம்’, ‘மூவிராசர் வாசகப்பா’ ஆகியவற்றை 1964இலும் 1966இலும் பதிப்பித்தார். அவர் கூத்தை மேடைக்கும் கொண்டுவந்தார்; அதற்கான தூண்டுதல் சிங்கள மேடையிலிருந்து வந்தது. 1956இல் நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’யை மேடையேற்றி, சிங்கள நாடகத்தின் போக்கையே மாற்றினார். அவர் எடுத்தாண்ட நாடகம என்ற வடிவம், கடலோரத் தமிழ்க் கத்தோலிக்கக் கூத்தோடு உறவுள்ளது. அந்த எழுச்சியைப் பார்த்த வித்தியானந்தன், பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ எனக் கூத்துகளை ஆடவைத்தார். படித்தவர்கள் பட்டிக்காட்டு ஆட்டம் என்று ஒதுக்கியதைப் பல்கலைக்கழக மாணவர் காலில் சதங்கை கட்டி ஆடினார்கள். ஊர்ப் பிள்ளை தன் அப்பாவின் கலையைச் சொல்ல வெட்கப்படத் தேவையில்லை என்ற நிலை அங்கிருந்துதான் வளர்ந்தது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் வந்து நிற்க விருப்பமிராது. பேசாலையின் ‘உடக்குப் பாஸ்’ அவர்களுக்கும் இடம் தருகிறது. இயேசுவின் பாடுகளை உடக்குகள் எனப்படும் உருவங்களை இயக்கிக் காட்டும் மரபு அது. முகம் காட்டாமல், பின்னால் நின்று கை வேலையால் ஊரையே கலங்க வைக்கலாம்.

போர் இந்தத் தொடர்ச்சியை வெட்டியது. குடும்பங்கள் இடம்பெயர்ந்தபோது கொப்பிகளும் உடுப்புகளும் அழிந்தன. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம்களின் பிள்ளைகள் பலர் புத்தளத்தில் பிறந்து வளர்ந்தார்கள். அவர்களும் மன்னாருக்கு உரியவர்களே. ஆகவே மன்னாரின் மரபு என்று கத்தோலிக்கக் கூத்தை மட்டும் காட்டுவது அநியாயம். திரும்பி வந்த முஸ்லிம் பிள்ளைக்கும், திருக்கேதீச்சரத்துச் சைவப் பிள்ளைக்கும் தங்கள் ஊரின் பாட்டும் ஆட்டமும் கிடைக்கவேண்டும்.

இன்று பள்ளிப் பிள்ளைகள் கூத்தைச் சந்திப்பது பெரும்பாலும் தமிழ்மொழித் தினப் போட்டியில். அதனால் நன்மை இருக்கிறது. முன்பு ஆண்களே பெண் வேடமும் கட்டிய கலையில் இப்போது மாணவிகளும் ஆடுகிறார்கள். ஆனால் போட்டிக்குச் சில நிமிடங்களே உண்டு. இரவு முழுக்கப் பாடவேண்டிய கதையில் ஒரு துண்டை நறுக்கி, குரல் நன்றாயிருக்கும் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துப் பழக்கிவிடுகிறார்கள். துணிவு யாருக்குத் தேவையோ, அந்தப் பிள்ளை பார்வையாளர் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கும். கூத்து முழுதாக ஆடப்பட்டால் காவலன், தூதன், பிற்பாட்டு, சல்லாரி எனும் தாளம் என எல்லோருக்கும் ஒரு வேலை இருக்கும்.

பள்ளிகள் வருடத்துக்கு ஒரு வாசகப்பாவை முழுதாக எடுத்துப் பழக்கலாம். அதற்கு அண்ணாவியாரை ஒருநாள் விருந்தினராக அழைத்துப் பொன்னாடை போர்த்தினால் போதாது. ஆசிரியராக வைத்துச் சம்பளம் கொடுக்கவேண்டும். அதையும் தாமதிக்காமல் செய்யவேண்டும். அச்சான பிரதியில் பாட்டின் சொற்கள் கிடைக்கும். எந்த எழுத்தில் இழுப்பது, எங்கே நிறுத்திப் பிற்பாட்டுக்கு விடுவது என்பது வயதான அண்ணாவிமாரின் தொண்டையில்தான் இருக்கிறது.