ஆண்டு மாறிய உறுப்புகள்

உலகின்கண் மனிதர் இயற்றிய பொருள்கள் யாவும் காலத்தால் தேய்வன. தேய்ந்த பொருளை எறிந்துவிடுதல் ஒரு வழி. தேய்ந்த உறுப்பை மட்டும் களைந்து, அதனை ஒத்த பிறிதோர் உறுப்பை அவ்விடத்துப் பொருத்திப் பொருளை வாழச் செய்தல் மற்றொரு வழி. பின்னதே சிறந்ததென்பது யாவர்க்கும் உடன்பாடாம். ஆயினும், வேறோர் ஆண்டிற் பிறந்த பொருளின் உறுப்பைக் கொணர்ந்து சேர்க்குங்கால் இரு வினாக்கள் எழுகின்றன. அவ்வுறுப்புப் பொருந்துமா என்பது ஒன்று. பொருந்தினும் அது தகுமா என்பது மற்றொன்று. அமெரிக்க நாட்டு மோட்டார் வண்டியொன்றைச் சான்றாகக் கொண்டு இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராய்வாம்.

1960-க்குப் பிற்பட்ட பத்தாண்டுகளில் அந்நாட்டில் “மஸில் கார்” என வழங்கும் ஒருவகை வண்டிகள் பெருகின. நடுத்தர அளவினதாகிய உடலும், அவ்வுடலுக்கு மிஞ்சிய ஆற்றல் வாய்ந்த எஞ்சினும் உடைமையே இவற்றின் இலக்கணம். கிரைஸ்லர் நிறுவனத்தின் டாட்ஜ் பிரிவினர் செய்த சார்ஜர் இவ்வினத்திற் பெரும்புகழ் பெற்றதொன்று. 1966-இல் முதன்முதல் வெளிப்போந்த இவ்வண்டி, 1968-இல் முற்றிலும் புதிய உடலைப் பெற்றது. அவ்வுடலே 1969, 1970 ஆகிய ஆண்டுகளிலும் சிற்சில மாறுதல்களுடன் நிலவியது. 426 கன அங்குல அளவும் 425 குதிரைத்திறனும் உடைய ஹெமி எஞ்சினும் விரும்பிக் கேட்டார்க்கு இதன்கண் பொருத்தித் தரப்பட்டது. இம்மூவாண்டு வண்டிகளே எமது ஆராய்ச்சிக்குப் போதியன.

மேலெழுந்தவாறு நோக்குவார்க்கு இம்மூன்றும் உடன்பிறந்தார் போலத் தோன்றும். உற்று நோக்கினாலோ வேறுபாடு விளங்கும். 1968-ஆம் ஆண்டு வண்டியின் முகப்புக் கிரில் இடையீடின்றி ஒரே பரப்பாக இருந்தது. பின்விளக்குகள் வட்ட வடிவின. பக்கங்களிற் பதித்த சிறு விளக்குகளும் வட்டமே. 1969-இல் கிரிலின் நடுவே ஒரு பிரிப்பு வந்தது. பின்விளக்குகள் நீண்டு கிடந்தன. பக்க விளக்குகள் நீள்சதுரமாயின. 1970-இல் நடுப்பிரிப்பு நீங்கியது. முகப்பு முழுவதையும் ஒரு வளையம்போலச் சூழ்ந்த குரோமிய பம்பர் அமைந்தது. ஆர்/டி என்னும் வகையில் கதவின் முற்பகுதியில் தனியே ஒரு காற்றுவாய்ப் போலியும் ஒட்டப்பட்டது.

இனி, உறுப்பு மாற்றும் தேவை யாங்ஙனம் எழுந்தது என்பதைக் காண்பாம். அந்நாட்டின் வடபகுதிகளிற் பனிக்காலத்தே உறைபனியைக் கரைத்தற்பொருட்டுச் சாலைகளில் உப்பைத் தூவுவர். உப்பு கலந்த நீர் தகடுகளின் உட்புறத்துத் தங்கித் துருவை விளைக்கும். சார்ஜரின் பின்கண்ணாடியோ இருபுறத்துத் தூண்களுக்கு இடையே உள்வாங்கி அமைந்தது; ஆதலின் அதன் அடியிலும் நீர் தேங்கி அரிக்கும். இவ்வாறு பழுதுற்ற வண்டியைச் செப்பனிடுவோர், ஓடும் நிலையிழந்த மற்றொரு வண்டியிலிருந்து வேண்டும் தகடுகளை எடுத்தனர். அங்ஙனம் கிடைத்த வண்டி எப்பொழுதும் அதே ஆண்டினதாக இருத்தல் அரிதன்றோ?

பொருந்துமா என்னும் முதல் வினாவிற்கு விடை, உறுப்பின் வெளித்தோற்றத்தில் இல்லை. அது இணைக்கப்பெறும் இடத்திலேதான் உள்ளது. முன் மட்கார்டு, பானெட், கதவு, டிக்கி மூடி ஆகியன போல்ட்டுகளாற் பிணைக்கப்பட்டவை. இவற்றைக் கழற்றலும் மாட்டலும் எளிது. 1968, 1969 ஆகிய இரண்டாண்டுகளின் முன் மட்கார்டுகளும் ஏறக்குறைய ஒன்றே. பக்கவிளக்கின் துளை மட்டும் ஒன்றில் வட்டம், மற்றொன்றில் நீள்சதுரம். அத்துளையை அடைத்துப் புதுத்துளை இட்டுவிடின் ஒன்றின் மட்கார்டு மற்றொன்றிற்கு உதவும். 1970-ஆம் ஆண்டின் முகப்போ அத்துணை எளிதன்று. வளைய பம்பருக்கு ஏற்பப் பக்கத்து உறுப்புகளும் உருவாக்கப்பட்டமையின், ஒன்றை மாற்றின் அடுத்ததையும் மாற்ற நேரும்.

மேற்கூரை, பின்பக்கத் தகடு, பின்விளக்குத் தளம் என்பன பற்றவைத்து ஒன்றாக்கப்பட்டவை. சார்ஜருக்குத் தனியே கழற்றத்தக்க அடிச்சட்டம் இல்லை. உடலும் சட்டமும் ஒன்றாய் இணைந்தே வண்டியின் பாரத்தைத் தாங்கும். எனவே இத்தகடுகளை அறுத்து மாற்றுதல், சட்டை மாற்றுவது போன்றதன்று. எலும்பை ஒட்டவைப்பது போன்றது. அளவு பிழைப்பின் கதவு சாத்தாது. பற்றுவைப்புத் தளர்வாயின், மோதலுறுங்கால் உள்ளிருப்போர் உயிர்க்கே இடர் நேரும். டிங்கரிங் தொழிலில் தேர்ந்தோர், வெட்டுமுன் கதவும் கண்ணாடியும் இருந்தபடியே இருக்க அளவெடுத்துக்கொள்வது இக்காரணம் பற்றியே.

வெளியே தோன்றாத வேறுபாடுகளும் உள. 1968 ஜனவரி முதல் நாள்தொட்டு அந்நாட்டில் இயற்றப்பெறும் கார்களுக்குப் பக்கவிளக்கோ ஒளிதிருப்பியோ வேண்டுமென அரசினர் விதித்தனர். 1969 ஜனவரி முதலாக முன்னிருக்கைகளில் தலைதாங்கி வேண்டுமென்றனர். 1970-ஆம் ஆண்டு வண்டியில், அதுவரை முன்பலகையில் இருந்த சாவித்துளை ஸ்டியரிங் தண்டிற்கு இடம்பெயர்ந்தது. ஆகவே 1970-ஆம் ஆண்டு வண்டிக்கு 1969-இன் முகத்தை அணிவிக்கலாம். அதன் உட்புறம் தான் பிறந்த ஆண்டைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இத்தகைய மாற்றத்தைத் தொழிற்சாலையினரே செய்ததும் உண்டு. ஆழ்ந்து அமைந்த கிரிலும் உள்வாங்கிய பின்கண்ணாடியும் பந்தயத்திற் காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைத்தன. அதனை நீக்கும் பொருட்டு, சார்ஜர் 500 என்னும் வகையில், உடன்பிறப்பாகிய கொரோனெட் வண்டியின் 1968-ஆம் ஆண்டுக் கிரிலை முகப்போடு சமமாகப் பதித்தனர். பின்கண்ணாடியையும் சமமாக்கினர், அதனால் டிக்கி மூடியைக் குறுக்க வேண்டியதாயிற்று. ஓர் உறுப்பின் மாற்றம் மற்றோர் உறுப்பின் மாற்றத்தை வேண்டிநிற்கும் என்பதற்கு இது தக்க சான்று. 1969-இல் வந்த சார்ஜர் டேடோனா, கூர்மூக்கும் 23 அங்குல உயரமுள்ள பின்சிறகும் பெற்றது. 1970 மார்ச் 24-ஆம் நாள் டாலடேகா ஓடுதளத்தில் மணிக்கு 200 மைலைக் கடந்தது. அதனைப் பின்பற்றி 1970-இல் எழுந்த பிளிமத் சூப்பர்பேர்டு, முன் மட்கார்டையும் பானெட்டையும் டாட்ஜ் கொரோனெட்டினிடமிருந்தே கடன்கொண்டது. இவற்றை எவரும் போலி என இகழ்ந்திலர், என்னை? செய்தது இன்னதென யாவரும் அறியச் செய்தமையின்.

இனி மறுபுறத்தையும் நோக்குவாம். 1979 முதல் 1985 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் நிகழ்ந்த “தி டியூக்ஸ் ஆஃப் ஹஸார்ட்” என்னும் தொடர்கதையில், 1969-ஆம் ஆண்டுச் சார்ஜர் ஒன்று “ஜெனரல் லீ” என்னும் பெயருடன் ஆறுகளையும் பள்ளங்களையும் தாவிச் சென்றது. திரையில் ஒன்றாகத் தோன்றிய அவ்வண்டி, உண்மையிற் பலவாம். ஒருமுறை தாவி வீழ்ந்த வண்டியின் உடல் வளைந்து மறுமுறைக்கு உதவாதாயிற்று. அங்ஙனம் பயன்பட்டவை ஏறத்தாழ முந்நூறு என மதிப்பிடுவர். 1969-ஆம் ஆண்டு வண்டிகள் அரியவாகவே, 1968-ஆம் ஆண்டு வண்டிகளின் கிரிலையும் பின்விளக்குத் தளத்தையும் மாற்றினர். 1970-ஆம் ஆண்டு வண்டிகளின் பம்பரையும் நீக்கி, அவற்றையும் 1969 போலத் தோன்றச் செய்தனர். கதைக்கு வேண்டிய வேடம் அது. காண்போரை இழப்பிற்கு உள்ளாக்கியதன்று. எனினும், வேடமணிந்து அழிந்த ஒவ்வொரு வண்டியோடும் அதன் உண்மை ஆண்டிற்குரிய ஒரு சான்றும் அழிந்ததென்பதை மறத்தற்கில்லை.

தகுமா என்னும் இரண்டாம் வினா இங்கே கூர்மை அடைகிறது. இக்காலத்து இவ்வண்டிகள் பெருவிலை பெறுகின்றன. அவ்விலை ஆண்டையும் வகையையும் எஞ்சினையும் பற்றியது. எளிய வகை வண்டியொன்றிற்கு உயர்வகையின் உறுப்புகளை அணிவித்து, உயர்வகை என்றே விற்பார் உளராயின், வாங்குவோன் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பொருளை இழப்பான். இதற்குக் காப்பாக நிற்பது வண்டியின் அடையாள எண். 1968 முதல் சார்ஜரின் முன்கண்ணாடி வழியே காணுமாறு முன்பலகையிற் பதிக்கப்பட்ட அவ்வெண் 13 குறிகளை உடையது. முதற்குறி சார்ஜர் என்பதைக் காட்டும். ஐந்தாவது எஞ்சினைக் காட்டும். ஆறாவது ஆண்டைக் காட்டும்: 8 எனின் 1968, 9 எனின் 1969, 0 எனின் 1970. முகப்பு எத்தனை முறை மாறினும் இவ்வாறாம் குறி மாறாது. வண்டியின் எண்ணை அழித்தலும் திரித்தலும் குற்றமென 1984-இல் அமெரிக்கக் கூட்டரசும் சட்டம் இயற்றியது.

பழஞ்சுவடிகளைப் பதிப்பிப்போர், சிதைந்த இடத்தை மற்றொரு பிரதியைக் கொண்டு நிரப்புங்கால், அதனை அடிக்குறிப்பில் வெளிப்படுத்துவர். வெளிப்படுத்தியது பாடபேதம், மறைத்தது இடைச்செருகல். வண்டியைச் செப்பனிடுவோர்க்கும் இம்முறையே ஏற்றது. எவ்வாண்டின் எவ்வுறுப்பை எங்கே வைத்தோம் என்பதை எழுதிப் புகைப்படங்களுடன் வைத்து, விற்கும்பொழுது அவ்வேட்டையும் உடன்கொடுப்பராயின், மாற்றம் பழுதுபார்த்தலாகும், மறைப்பராயின் வஞ்சகமாகும். இரண்டிடத்தும் தகடு ஒன்றே, போல்ட்டும் ஒன்றே. வேறுபடுவது சொல்லே.

பழைய ஆடையிற் கோடித்துணியை இணைத்தல் பற்றி நம் ஆண்டவர் உரைத்த உவமையை நாம் அறிவோம். ஒட்டுப்போடுதலே தீதென அவர் கூறினாரல்லர். இயைபறியாது ஒட்டுவோன் கிழிசலைப் பெரிதாக்குவான் என்பதையே காட்டினார். ஆதலின், இயைபறிந்து இணைத்தலும், இணைத்ததை ஒளியாது உரைத்தலும் ஆகிய இரண்டுமே பழம்பொருள் காப்போர்க்கு உரிய அறமாம்.