உங்களுக்குத் தெரியுமா? முயல் வாங்கிக் கொடுத்த நாலாயிரம் ஏக்கர்

✦ நீலச் சட்டை போட்ட பீட்டர் முயலைப் படைத்த பியாட்ரிக்ஸ் பாட்டர் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. 1866இல் லண்டனில் பணக்கார வீட்டில் பிறந்தவர். ஆசிரியை வீட்டுக்கே வந்து பாடம் சொன்னார். தம்பி பெர்ட்ரமும் அவரும் முயல், எலி, தவளை, வௌவால், முள்ளெலி என்று ஒரு கூட்டத்தையே அறையில் வளர்த்தார்கள். செத்ததையும் விடவில்லை. வேகவைத்துச் சதையை நீக்கி, எலும்புக்கூட்டைப் பார்த்து வரைவார்கள். அவருடைய முயல் சட்டை போட்டிருந்தாலும் முயலாகவே உட்காருவது அதனால்தான்.

✦ முதல் புத்தகம் முதலில் ஒரு கடிதம். 1893 செப்டம்பர் 4 அன்று, தன் பழைய ஆசிரியையின் ஐந்து வயது மகன் நோயல் உடம்பு சரியில்லாமல் படுத்திருக்க, அவனுக்கு நான்கு முயல் குட்டிகளின் கதையைப் படம் போட்டு எழுதி அனுப்பினார். பையன் அதைப் பத்திரமாக வைத்திருந்தது நம் அதிர்ஷ்டம். சில வருடங்கள் கழித்து அதையே இரவல் வாங்கிப் புத்தகமாக்கினார். பதிப்பகங்கள் ஒவ்வொன்றாகக் கைவிரித்தன. சின்னக் கைக்கு அடங்கும் சின்னப் புத்தகம்தான் வேண்டும், விலையும் குறைவாக இருக்கவேண்டும் என்பதில் பாட்டர் விட்டுக்கொடுக்கவில்லை. 1901 டிசம்பரில் சொந்தக் காசில் 250 பிரதிகள் அச்சிட்டார். ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய கானன் டாயில் தன் பிள்ளைகளுக்கு ஒன்று வாங்கினார். அடுத்த அக்டோபரில் ஃபிரெடரிக் வார்ன் நிறுவனம் அச்சிட்ட 8,000 பிரதிகளும் வெளியாகும் முன்பே விற்றுத் தீர்ந்தன.

✦ பீட்டரின் அப்பா என்ன ஆனார்? தோட்டக்காரர் மெக்ரிகரின் மனைவி சமைத்துவிட்டார். கதை தொடங்கியதுமே இது வந்துவிடும். குழந்தைகளுக்கு இதெல்லாம் தாங்காது என்று பாட்டர் நினைக்கவில்லை.

✦ 1903இலேயே பீட்டர் பொம்மையைத் தானே தைத்துப் பார்த்து, லண்டனில் காப்புரிமை பதிவு செய்தார். ஆனால் பதிப்பகம் அமெரிக்காவில் புத்தகத்தைப் பதிவு செய்யத் தவறியதால், அங்கே திருட்டுப் பதிப்புகள் தாராளமாக வந்தன.

✦ புத்தகங்களுக்கு முன்பு அவருக்குக் காளான் பைத்தியம். நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து நூற்றுக்கணக்கில் வரைந்தார். காளான் வித்துகள் முளைக்கும் விதம் பற்றிய அவருடைய கட்டுரை 1897இல் லண்டன் லின்னியன் சங்கத்தில் சமர்ப்பிக்கப்பட்டபோது அவர் அங்கே இல்லை. பெண்களுக்கு அந்தக் கூட்டத்தில் அனுமதி கிடையாது. நூறு வருடம் கழித்து சங்கம் வருத்தம் தெரிவித்தது. கேட்க அவர்தான் இல்லை.

✦ பதினைந்து வயதுவாக்கில் தொடங்கி முப்பது வரை, தானே உருவாக்கிய சங்கேத எழுத்தில் டைரி எழுதினார். அதைப் படிக்கப் பல வருடங்கள் மல்லுக்கட்டிய லெஸ்லி லிண்டர் என்பவருக்கு 1958இல்தான் விடை கிடைத்தது. ஒரு வரியில் ‘XVI’ என்ற ரோமன் எண்ணும் 1793 என்ற ஆண்டும் கண்ணில் பட்டன. பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியின் தலை துண்டிக்கப்பட்ட வருடம்! அந்த நூலைப் பிடித்து மொத்த டைரியையும் படித்துவிட்டார்.

✦ 1905 ஜூலையில் பதிப்பாளர் வீட்டுப் பிள்ளை நார்மன் வார்னுடன் திருமணம் நிச்சயமானது. வியாபாரக் குடும்பத்தில் பெண் கொடுப்பதா என்று பெற்றோர் முகம் சுளித்தார்கள். அவர்களுடைய சொத்தும் தாத்தாவின் துணி அச்சிடும் ஆலையில் வந்ததுதான்! ஒரே மாதத்தில் நார்மன் ரத்தப் புற்றுநோயில் இறந்தார். அதே வருடம் இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப் பகுதியில் ஹில் டாப் பண்ணையை வாங்கினார் பாட்டர். நிலம் வாங்க உதவிய வழக்கறிஞர் வில்லியம் ஹீலிஸை 47 வயதில் மணந்தார்.

✦ பிறகு எழுத்து குறைந்தது, ஆடு பெருகியது. மழைக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு நடந்தவரை, எதிரே வந்த நாடோடி தன்னைப் போல ஒருவர் என்று நினைத்துப் பரிவாகப் பேசினாராம். முயல் சம்பாதித்த பணத்தில் பண்ணை பண்ணையாக வாங்கியது, வீடுகட்டி விற்பவர்கள் கையில் அந்த மலைச்சரிவுகள் போய்விடாமல் இருக்கத்தான். 23 குட்டிப் புத்தகங்களைவிட இதுவே அவருடைய பெரிய படைப்பு என்பேன். 1943இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேல், நிலங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதி வைத்திருந்தார். உயிலில் ஒரு நிபந்தனையும் உண்டு: மலைப் பண்ணைகளில் கலப்பில்லாத ஹெர்ட்விக் இன ஆடுகள்தான் மேயவேண்டும்.